தாகமும் தாங்குதலும்: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ – ஒரு மறுவாசிப்பு

திருவண்ணாமலை நெருப்பின் தலம். நிலத்துக்குக் காஞ்சி, நீருக்குத் திருவானைக்கா, காற்றுக்குக் காளத்தி, வானுக்குத் தில்லை என்று ஐம்பூதங்களுக்கும் தலம் வகுத்த சைவ மரபு, தீயின் வடிவாக இம்மலையைக் கண்டது. ஆயினும் இவ்வூரின் அன்றாட வரலாறு தீயினும் மிகுதியாகத் தண்ணீராலேயே எழுதப்பட்டது எனலாம். 2,668 அடி உயர மலையிலிருந்து இறங்கிய ஓடைகளை ஏந்திக்கொள்ள முன்னோர் குளம் தொட்டனர், ஏரி அமைத்தனர். ஐயங்குளமும் சமுத்திரம் ஏரியும் இன்றும் அவர்தம் அறிவுக்குச் சான்று கூறுகின்றன.

ஓலைச்சுவடிக் காலத்தில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலேயே எழுதினர். ஆகவே ‘எரி’யும் ‘ஏரி’யும் ஏட்டில் ஒன்றுபோலத் தோன்றின. இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டியிருந்தது. இம்மயக்கத்தைத் தீர்க்க எழுத்தைத் திருத்தியவர் நம் வீரமாமுனிவர் என்பதை வாசகர் அறிவர். ஏட்டில் தீர்ந்த மயக்கம் நாட்டில் தீர்ந்ததா என்பதே என் ஐயம். எரியை மறவாத ஊர் தன் ஏரிகளை மறந்துபோனால் என்னவாகும்?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று திருப்பலியில் வாசிக்கப்பட்டது லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரம். கடலின் முழக்கம் கேட்டு மக்களினங்கள் கலங்கும் நாளைப் பற்றி ஆண்டவர் பேசும் பகுதி. முந்தின இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. கரையேறிய பின்னும் விரைந்து நகராமல் தங்கி நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51 செ.மீ., கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. ஞாயிறு மாலை திருவண்ணாமலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் பிள்ளைகள். அவ்விரவு கடந்து விடியும் முன்னே, சாத்தனூர் அணைக்கு வந்த வெள்ளம் நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேலாகத் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டத்து ஊர்கள் நீரில் மூழ்கின.

ஓரேபு மலையில் பாறை தண்ணீர் தந்தது என்று விடுதலைப் பயண நூலில் படிக்கிறோம். இங்கோ தண்ணீர் பாறையைக் கொண்டுவந்தது. மறையுரைக்குச் சொல் தேடித் திணறிய அந்நாள்களில் நான் மீண்டும் கையில் எடுத்த நூல், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. வெள்ளத்தின் நடுவே வறட்சியைப் பற்றிய நாவலைப் படிப்பதா என்று கேட்கலாம். படித்தபின் எனக்கு அவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றவில்லை.

குழாயடியில் ஒரு கதை

1973இல் நூலாக வெளிவந்த இச்சிறு நாவலின் களம், தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னையின் ஒரு தெரு. ஜமுனா, அவள் தங்கை சாயா, அண்டையில் வாழும் டீச்சரம்மா ஆகிய மூன்று பெண்களே இதன் மையம். திரைப்படத்தில் கதாநாயகியாக்குவதாக ஆசை காட்டி ஜமுனாவைப் பாஸ்கர் ராவ் என்பவன் பயன்படுத்திக்கொள்கிறான். சாயாவின் கணவன் இராணுவத்தில் இருக்கிறான். டீச்சரம்மாவோ இளம்பருவத்திலேயே தன்னினும் மிக மூத்த நோயாளி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவர். இவர்களுடைய வாழ்வுக்குள் ஓயாது ஓடுவது, அல்லது ஓடாதிருப்பது, தண்ணீர். வராத குழாய், அடித்தும் காற்றே வரும் பம்பு, வரிசையில் நிற்கும் குடங்கள், தோண்டிப் போட்ட தெரு, குடிநீரில் கலக்கும் சாக்கடை – இவையே இந்நாவலின் நிகழ்ச்சிகள்.

இதில் வரும் தண்ணீரை அன்பின் குறியீடு, வாழ்வின் வறட்சிக்குக் குறியீடு என்று விளக்கிவிட்டு நகர்வோர் உண்டு. அவ்விளக்கம் தவறில்லை; ஆனால் போதாது. அருளடையாள இறையியலைக் கற்ற நமக்கு இது எளிதில் விளங்கவேண்டும். திருமுழுக்கில் தண்ணீர் ஓர் அடையாளமே. எனினும் மெய்யான தண்ணீர் இன்றித் திருமுழுக்கு இல்லை. பாலையோ பன்னீரையோ ஊற்றித் திருமுழுக்குத் தர இயலாது. முதலில் அது தண்ணீர். பின்பே அருளின் அடையாளம். அசோகமித்திரனின் கலையும் இத்தகையது. ஜமுனாவின் குடத்தில் இருப்பது முதலில் குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர். அதை மறந்துவிட்டுக் குறியீட்டுக்குத் தாவும் வாசிப்பு, ஏழையின் தாகத்தை ஆன்மிகத் தாகமாக மட்டும் மாற்றிவிடும் மறையுரையைப் போன்றது. அத்தகைய மறையுரைகளை நானும் ஆற்றியிருக்கிறேன்.

இந்நாவலில் அமைச்சர் இல்லை; திட்டம் இல்லை; பஞ்சத்துக்குக் காரணம் கூறும் ஒரு பத்தியும் இல்லை. ஆசிரியர் எவரையும் குற்றம் சாட்டுவதில்லை. தெருவில் நின்று பார்ப்பவர் போலப் பார்க்கிறார். இதுவே நாவலின் வலிமை. குழாயடியில் நிற்கும் பெண்ணுக்குத் திட்டம் தெரியாது. குழாய் வருமா வராதா என்பது மட்டுமே தெரியும். அவள் காணும் உயரத்திலிருந்தே நாமும் காண்கிறோம்.

சொல்லாமல் விட்டது

ஆனால் அவள் காணாதவற்றையும் விமரிசகன் காணவேண்டும் அன்றோ? அக்காலச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவர 1960களின் இறுதியில் வீராணம் திட்டம் தொடங்கப்பட்டு முடங்கியது. அதற்கென வார்த்த பெருங்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சாலையோரம் கிடந்தன. வீடற்றோர் அவற்றுக்குள் குடியிருந்தனர். தண்ணீர் வரவேண்டிய குழாய்க்குள் தண்ணீரற்ற மனிதர் வாழ்ந்த இக்காட்சிக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 1996இல் கிருஷ்ணா நீர் தமிழக எல்லைக்கு வந்தது. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. 2015 டிசம்பர் 1ஆம் நாள் அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதன் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், 50 வாகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு சோலையார்பேட்டையிலிருந்து முதல் இரயில் சென்னையை அடைந்தது.

சோலையார்பேட்டை நம் வேலூர் மறைமாவட்டத்துப் பகுதி. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே அங்கு வந்த நீரே இரயிலேறியது. எங்கள் வீட்டுக் குழாய் வராதபோது எங்கள் தண்ணீர் தலைநகருக்கா என்று நம் மக்கள் அன்று கேட்டனர். சென்னையில் தாகத்தோடு இருந்தவரும் நம் உடன்பிறப்புகளே. தரக்கூடாது என்று எந்தக் கிறிஸ்தவனும் சொல்ல இயலாது. எனினும் அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆண்டுக்குச் சராசரி 1,400 மி.மீ. அளவில் மழை பெறும் ஒரு மாநகரம், தன் கூரைமேல் விழுந்த நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு எளிய ஊர்களின் குடத்தை நாடுவது முறையா? மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி 2003இல் தமிழக அரசு சட்டம் செய்தது. நாட்டுக்கே வழிகாட்டிய சட்டம் அது. சட்டம் இருந்தும், எத்தனை வீடுகளில் அக்குழி தூர்ந்து கிடக்கிறது என்பதை அவரவர் முற்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அசோகமித்திரன் பேசாத அரசைப் பேசிய படைப்பு கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’. 1980இல் மேடையேறிய அந்நாடகத்தை 1981இல் கே. பாலசந்தர் திரைப்படமாக்கினார். தண்ணீரற்ற அத்திப்பட்டி மக்கள் மனுக் கொடுத்துச் சலித்து, தாமே கால்வாய் வெட்டத் துணிகிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் தராத அரசு, அவர்கள் வெட்டும் கால்வாயைத் தடுக்க மட்டும் தவறாமல் வந்துசேர்கிறது. கோமல் அரசை நோக்கிக் குரலெழுப்புகிறார். அசோகமித்திரன் மனத்தை நோக்கித் தாழ்குரலில் பேசுகிறார். கலை என்னும் அளவில் நாவலே நுட்பமானது. எனினும் நீதி என்னும் அளவில் நாடகம் கேட்கும் கேள்வியை நாவல் கேட்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுமை கிட்டுகிறது.

இவ்விரண்டு படைப்புகளும் தொடாத இடம் ஒன்று உண்டு. குழாயடி வரிசையில் எல்லோரும் நிற்க முடிகிறதா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தண்ணீரின் பங்கீட்டைப் பற்றிப் பேசும் எக்கொள்கையும் சாதியைப் பேசாமல் இந்நாட்டில் நீதியான கொள்கை ஆகாது. யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டார். அவள் வியந்தது அவர் தாகத்தைக் கண்டன்று. தன் கைத் தண்ணீரை அவர் கேட்டதைக் கண்டு.

தாங்குவது யார்?

நாவலின் உச்சம் என்று பலரும் கொள்வது, உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்து மீண்ட ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கதையைக் கூறும் இடம். தான் பட்டதைச் சொல்லி, இத்தனைக்குப் பிறகும் எழுந்து நடமாடுகிறேன் பார் என்று அவளை எழுப்பும் இடம் அது. தாங்கிக்கொள்ளுதலே அங்குக் கற்பிக்கப்படும் அறம் எனத் தோன்றும். முதல் வாசிப்பில் நானும் அவ்வாறே கொண்டேன். சிலுவையைச் சுமக்கச் சொல்லும் குரலாகவே டீச்சரம்மாவின் குரலைக் கேட்டேன்.

இப்போது எனக்கு அந்த எளிய இசைவு கூடவில்லை. இக்காலத்து நகரக் கொள்கை ஏடுகளில் ஒரு சொல் மிகுதியாகப் பயில்கிறது: ‘தாங்குதிறன்’. வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும் நகரம் வேண்டும் என்கிறார்கள். நல்ல நோக்கமே. 2023இல் சென்னைக்கெனக் காலநிலைச் செயல்திட்டம் ஒன்றும் வெளியிடப்பட்டது. அறிவியலும் அவ்வாறே எச்சரிக்கிறது: வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியை ஏந்துகிறது, பெய்யும்போது அது கூடுதலாகவே கொட்டுகிறது. ஆகவே ஆயத்தம் தேவை. ஆனால் தமிழில் ‘தாங்குதல்’ என்பதற்கு இரு பொருள் உண்டு. தூண் கூரையைத் தாங்குகிறது. ஏழை துன்பத்தைத் தாங்குகிறான். நகரம் தாங்கும் என்னும்போது நாம் கருதுவது தூணையா, ஏழையையா?

நகரில் நிலத்தின் விலை ஏற ஏற எளியவர் விளிம்புக்கு நகர்கிறார்கள். ஆற்றங்கரைக்கும் ஏரி உட்பகுதிக்கும் மலையடிவாரத்துக்கும் செல்கிறார்கள். கோடையில் தொலைவிலிருந்து குடம் சுமப்பவரும், மழையில் முதலில் மூழ்குபவரும் பெரும்பாலும் ஒருவரே. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் இவ்வூரில், வருவோருக்கு விடுதியும் வாகன நிறுத்தமும் விரிகின்றன. வழிபடும் மக்களின் பக்தியை நான் மதிக்கிறேன். மொட்டையாகிக்கொண்டிருந்த இம்மலையில் பல்லாண்டுகளாக மரம் நட்டுக் காத்த தன்னார்வலரையும் வணங்குகிறேன். ஆயினும் ஓடைகள் சென்ற வழியில் கட்டடம் எழுந்தால் தண்ணீர் தன் வழியை மறந்துவிடாது. மலைச்சரிவுக்குப் பின் அடிவாரத்துக் குடியிருப்புகளை அகற்றுவது பற்றிய பேச்சு எழுந்தது. உயிரைக் காக்க அது தேவையாகலாம். ஆனால் எங்கே போவார்கள்? அவர்களைக் கேட்டோமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலை நாம் பெரும்பாலும் மரம் நடுவிழா மடலாகச் சுருக்கிவிட்டோம். அதன் 30ஆம் எண், தூய குடிநீரைப் பெறுவதை மனிதரின் அடிப்படை உரிமையாக அறிவிக்கிறது. அதைவிடக் குறைவாகவே படிக்கப்படும் 152ஆம் எண், ஏழைகளை இடர்மிக்க இடங்களிலிருந்து அகற்ற நேர்ந்தால் முன்கூட்டியே தகவல் தரவும், தகுதியான மாற்று வீடுகளைக் காட்டவும், அம்மக்களையே அம்முடிவில் பங்குபெறச் செய்யவும் கேட்கிறது. நீதியான நகரத்துக்கு இதனினும் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலை, அவ்வுயர்வை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும்.

இனி டீச்சரம்மாவிடம் திரும்புவோம். தாங்கிக்கொள் என்பதுதானா அவர் சொன்னது? மீண்டும் படித்தபோது வேறொன்று தென்பட்டது. அவர் அறிவுரை கூறவில்லை. தன் கதையைப் பகிர்ந்தார். அதுவரை தன் துன்பத்துக்குள் அடைபட்டிருந்த ஜமுனா, பிறர் துன்பத்தைப் பார்க்கும் கண்ணை அங்கே பெறுகிறாள். அதன்பின் அவள் வெறுமனே தாங்குபவள் அல்லள். தெருவின் தொல்லைகளில் தானும் ஈடுபடுகிறாள். தங்கையோடு மீண்டும் சேர்ந்து வாழ்கிறாள். பாஸ்கர் ராவை மறுக்கும் துணிவு பெறுகிறாள். தாங்குதல் பகிர்தலாக மாறிய இடமே இந்நாவலின் நற்செய்தி. ஆசிரியர் இதை எங்கும் அறிவிக்கவில்லை. குடங்களைத் தூக்கும் கைகளால் காட்டுகிறார். என் பழைய வாசிப்பில் பிழை என்னுடையதே அன்றி நாவலுடையது அன்று.

அப்பிழை வாசிப்போடு நின்றதில்லை. சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம் தாகத்தை மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார். பாலைநிலத்தில் தண்ணீருக்காக முறுமுறுத்த மக்களுக்கு இறைவன் முதலில் தந்தது தண்டனையன்று, தண்ணீர். இவ்வளவு தெளிவாக இருந்தும், பொறுமையைப் புனிதமாக்கித் தாகத்தை அடக்கச் சொல்லும் போதனையை நாம் ஏழைகளுக்கே மிகுதியாக வழங்கியிருக்கிறோம்.

பூட்டிய வாயில்

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் கடுங்கோடை. கோயில் வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு இருந்தது. சுற்றிலும் குழாய்கள் வறண்டிருந்தன. கூட்டம் சேரும், சச்சரவு வரும், பம்பு கெட்டுவிடும் என்று அஞ்சி வாயிலைப் பூட்டிவைக்கச் சொல்லியிருந்தேன். தவக்காலம் மூன்றாம் ஞாயிறு. சமாரியப் பெண்ணின் நற்செய்தி. வாழ்வுதரும் தண்ணீரைப் பற்றி விரிவாகவே மறையுரை ஆற்றினேன். திருப்பலி முடிந்ததும் காலனியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி என்னிடம், “சாமி, கிணத்தாண்ட சேசு அந்தம்மாகிட்ட தண்ணி கேட்டாருன்னீங்க. நாங்க கேக்கலாம்னா கேட்டுல பூட்டு தொங்குதே” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

அன்று பூட்டைத் திறந்தோம். அஞ்சியபடியே சச்சரவும் வந்தது. பம்பும் ஒருமுறை கெட்டது. பெண்களே முறை வகுத்தனர். குடும்பத்துக்கு இத்தனைக் குடம் என்று தீர்மானித்தனர். பழுதுபார்க்கப் பணமும் திரட்டினர். நான் கொள்கை வகுக்கவில்லை; வாயிலை மட்டும் திறந்தேன். கொள்கை அவர்களிடமே இருந்தது.

தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கின் கிணறுகளைப் பற்றிப் படிக்கிறோம். தந்தை தோண்டிய கிணறுகளைப் பகைவர் மண்ணிட்டுத் தூர்த்திருந்தனர். மகன் அவற்றை மீண்டும் தோண்டினான். புதிய கிணறுகளுக்கும் சண்டை எழுந்தது. முதல் கிணற்றுக்குச் சச்சரவின் பெயரும், இரண்டாவதற்குப் பகையின் பெயரும் வைத்தான். சண்டையின்றிக் கிடைத்த மூன்றாவதற்கு, எல்லோருக்கும் இடமுண்டு என்று பொருள்படும் பெயரை இட்டான். தூர்ந்ததைத் தோண்டுதல், சண்டைக்கு அஞ்சி விட்டுவிடாமை, எல்லோருக்கும் இடம் காணுதல் – ஒரு நகரத்தின் நீர்க்கொள்கைக்கு இந்த வரிசை பொருந்தும்.

இதில் நமக்கும் பங்குண்டு. நம் ஆலயக் கூரைகளும் பள்ளிக் கூரைகளும் பரந்தவை. அவற்றின்மேல் விழும் மழை எங்கே போகிறது என்பதை ஒவ்வொரு பங்குப் பேரவையும் இவ்வாண்டு மழைக்காலத்துக்கு முன் பார்க்கட்டும். நம் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எது, அதை அடைத்திருப்பது எது என்று அறியட்டும். அடைத்திருப்பது நம் நிறுவனத்தின் சுற்றுச்சுவரே என்றால் அதை முதலில் இடிக்கட்டும். அதன்பின் மாநகராட்சியிடமும் அரசிடமும் சென்று, அடிவாரத்து மக்களுக்கு மாற்று வீடு எங்கே என்று கேட்கும் தகுதி நமக்கு வரும்.

அசோகமித்திரன் 2017இல் மறைந்தார். அவர் எழுதிய தெருவில் இன்று குழாய் வரக்கூடும். இங்கே வ.உ.சி. நகரில் அந்த ஐந்து பிள்ளைகள் திரும்பப்போவதில்லை. அடுத்த திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரியை ஏற்றும்போது, மலையடிவாரத்தில் இன்னும் எத்தனை வீடுகள் உள்ளன என்பதை நான் முதலில் கேட்டறிய எண்ணுகிறேன். மறையுரையை அதன்பின் தயாரித்துக்கொள்ளலாம்.